மடியில் வைத்துச் செய்த பரிசோதனை

ஜெயகுமாரியின் விரல் அசைந்தது 1984 மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி சுமாருக்கு. அதற்கு ஐந்து வருஷம் முந்தி நடந்ததைச் சொன்னால்தான் அது ஏன் அசைந்தது என்பது விளங்கும்.

அவளுக்குப் பிறந்த ஊர் சாயர்புரத்துக்குப் பக்கம். 1979இல் சத்தியராஜுக்கு அவளைக் கேட்டு வந்தபோது மாப்பிள்ளை வீட்டார் ஒரே ஒரு விஷயத்தில் வந்து நின்றார்கள். பெண்ணின் தம்பி சாலமோனுக்குக் காது கேட்காது, பேச்சும் கிடையாது. பிறவியிலேயே அப்படியா, இடையில் வந்ததா என்று சத்தியராஜின் அம்மா நேராகவே கேட்டுவிட்டாள். ஜெயகுமாரியின் அப்பா வேதப்புத்தகத்தின் மேல் கையை வைத்து, நாலு வயதில் வந்த மூளைக்காய்ச்சலில் போனது என்று சொன்னார். சாலமோன் பிறந்த நாளிலிருந்தே அப்படித்தான். கதவுக்குப் பின்னால் நின்ற ஜெயகுமாரிக்கு அது தெரியும். அப்பா தெரியாமல் சொல்லவில்லை என்பதும் தெரியும். கல்யாணம் நடந்தது.

சத்தியராஜ் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் டர்னர், கடைசல் வேலை. குவார்ட்டர்ஸில் கீழ்வீடு. நல்ல மனிதன்தான், குடி இல்லை, சீட்டு இல்லை. தாள் பைத்தியம் ஒன்றுதான் அவனுக்கு உண்டு. பைப்பில் தண்ணீர் வராவிட்டாலும் பக்கத்து வீட்டுக்காரர்கள் போல ஆள் பிடித்துச் சொல்ல மாட்டான். மனு எழுதுவான், கார்பன் வைத்து மூன்று நகல் எடுப்பான், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குவான். 'வாய்ல சொன்னது காத்துல போகும்' என்பான். மனைவியின் தம்பி காய்ச்சலில் காது போனவன் என்பதைக்கூட ஊரில் யாரோ கேட்டதற்கு இன்லண்டு லெட்டரில் எழுதிப் போட்டவன் அவன்.

1981 பிப்ரவரியில் சாராள் பிறந்தாள். இரண்டு வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. சில பிள்ளைகள் மெதுவாகத்தான் பேசும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஜெயகுமாரியும் சொன்னாள். ஆனால் குழந்தை தூங்கும்போது தலைமாட்டில் தட்டத்தைத் தவறவிட்டுப் பார்த்திருக்கிறாள். ஒரு தரம் அல்ல, நாலைந்து தரம். குழந்தையின் இமை அசையவில்லை. தட்டத்தை எடுத்துத் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டு, அன்றைக்கு முழுவதும் அந்தப் பக்கமே போகாமல் இருப்பாள். சாலமோன் சிறு பிள்ளையாய் இருந்தபோது அம்மா இதே வேலையைச் செய்ததை அவள் பார்த்திருந்தாள்.

குழந்தையை அம்பத்தூரில் உள்ள டிரஸ்ட் மருத்துவமனைக்குக் கூட்டிப்போகச் சொன்னது பஞ்சவர்ணம். கோவில்பதாகையிலிருந்து வருகிறவள். விடியற்காலையில் குவார்ட்டர்ஸ் வீடுகளுக்கு முட்டை கொடுத்துவிட்டு, ஒன்பது மணிக்கு அந்த மருத்துவமனையில் ஆயா வேலைக்குப் போய்விடுவாள். அங்கே காதுப் பிரிவில் மைசூரில் படித்துவிட்டு வந்த வசந்தா என்ற பெண் இருக்கிறாள், தங்கமான பெண், இந்தப் பக்கத்திலேயே காது சோதிக்கிற மெஷின் அங்கே ஒன்றுதான் என்று பஞ்சவர்ணம் சத்தியராஜின் காதுபடச் சொன்னாள். தொழிற்சாலை சம்மதித்த மருத்துவமனைகளின் பட்டியலிலும் அது இருந்தது. சத்தியராஜ் அன்றைக்கே தொழிற்சாலை டிஸ்பென்சரியில் சீட்டு வாங்கி வந்துவிட்டான். பரிசோதனை நாளன்று அவனுக்குக் காலை ஷிஃப்ட். ஜெயகுமாரிதான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மாடிப்படிக்கு அடியில் இருந்த சின்ன அறை அது. சத்தம் உள்ளே வராதபடி சுவரெல்லாம் துளைபோட்ட அட்டை, கனத்த கதவு, ஒரு நாற்காலி, ஒரு குட்டி மேசை. கண்ணாடிச் சன்னலுக்கு அந்தப் பக்கம் மெஷினோடு வசந்தா உட்கார வேண்டும். அவளுக்கு அப்போது இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். வெளியே பெஞ்சில் பன்னிரண்டு குழந்தைகள் காத்துக்கொண்டிருந்தார்கள். முதலில் வசந்தா உள்ளே வந்து, ஒரு சின்ன மேளத்தைத் தட்டி, தட்டியவுடன் ஒரு பாசிமணியை எடுத்துக் கிண்ணத்தில் போட்டுக் காண்பித்தாள். சாராளுக்கு அது பிடித்துப்போயிற்று. மேளத்தைத் தட்டும் கையைப் பார்த்துப் பார்த்து மணியைப் போட்டாள். காதில் மாட்டுவதற்குக் கொண்டுவந்த ஹெட்போனை மட்டும் பிடுங்கி எறிந்தாள். மூன்று தரம் மாட்டிப் பார்த்துவிட்டு, சரி, ஸ்பீக்கர் வழியாகவே சத்தம் கொடுக்கிறேன், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்காருங்கள், நீங்கள் எதையும் செய்யக் கூடாது என்று வசந்தா சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

ஸ்பீக்கரில் வருகிற சத்தம் தாய்க்கும் கேட்கும் அல்லவா? முதல் சத்தம் ரயில் கூவுவது போல வந்தது. சாராள் கையில் மணியை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். இரண்டாவது இன்னும் பலமாக வந்தது. அதற்கும் சும்மா இருந்தாள். மூன்றாவது சத்தத்தில் ஜெயகுமாரியின் கண் தானாகவே மூடித் திறந்தது. சத்தம் அத்தனை பலம். மடியில் இருந்த குழந்தையோ சாமி சிலை மாதிரி உட்கார்ந்திருந்தது. மாமியாரின் முகம் வந்தது. வேதப்புத்தகத்தின் மேல் இருந்த அப்பாவின் கை வந்தது. நாலாவது சத்தம் வந்தபோது, கவுனுக்கு அடியில் குழந்தையின் தொடையில் இருந்த அவளுடைய சுட்டுவிரல் லேசாக அழுத்தியது. அழுத்த வேண்டும் என்று அவள் தீர்மானம் செய்யவில்லை. சாராள் திரும்பிப் பார்த்தாள். அடுத்த சத்தத்துக்கு மறுபடி விரல் அழுந்தியது. சாராள் மணியைக் கிண்ணத்தில் போட்டாள்.

புத்திசாலிக் குழந்தை. இரண்டே தரத்தில் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு மெல்லிய சத்தம், இன்னும் மெல்லிய சத்தம், பெரியவர்களே கூர்ந்து கேட்க வேண்டிய சத்தம் எல்லாவற்றுக்கும் மணி விழுந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வசந்தா சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். அவள் இருந்த இடத்திலிருந்து குழந்தையின் முகமும் கிண்ணமும் தெரியும், கவுனுக்கு அடியில் உள்ளது தெரியாது.

இரண்டு காதும் இயல்பான அளவில் கேட்கின்றன என்று ஆங்கிலத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, வசந்தா தாளைக் கொடுத்தாள். பிறகு பேச்சு ஏன் வரவில்லை என்ற சந்தேகம் மட்டும் அவளுக்குப் போகவில்லை. ஆறு மாதம் பார்த்துவிட்டு மறுபடி கூட்டி வாருங்கள், அவசியம் வாருங்கள் என்றாள். அதை வாயால் சொன்னாளே தவிரத் தாளில் எழுதவில்லை. அதற்குள் அடுத்த குழந்தை கதவுக்குள் வந்துவிட்டது. ஜெயகுமாரி சரி என்று சொல்லிவிட்டு வந்தவள்தான்.

அந்தத் தாளை சத்தியராஜ் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஃபைலில் வைத்தான். ஒரு நகல் ஊருக்குப் போயிற்று. மாமியார் பதிலாகக் கோழிமுட்டை சைஸ் எழுத்தில் ஸ்தோத்திரம் என்று எழுதியிருந்தாள். எல்லோருக்கும் மூச்சு வந்தது. ஜெயகுமாரிக்கும் வந்தது என்பதுதான் வேடிக்கை. ஒரு வாரத்தில் அவளே அந்தத் தாளை நம்பத் தொடங்கினாள். முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் டாங்கிகளை ஓட்டிச் சோதிக்கும் நாட்களில் குவார்ட்டர்ஸ் தரையே அதிரும், அலமாரிப் பாத்திரம் கிலுகிலுக்கும். சாராள் விளையாட்டை விட்டுவிட்டுச் சன்னலுக்கு ஓடுவாள். 'பாத்தியா, எம்புட்டுத் தூரத்துச் சத்தம் கேக்கு' என்று சத்தியராஜ் சொல்லுவான். தரை அதிர்வது பாதத்துக்குத் தெரியும் என்பதை சாலமோனைப் பார்த்து வளர்ந்த ஜெயகுமாரி அறியாதவள் இல்லை. ஆமாம் என்று சொல்லுவாள்.

காது கேட்கும் பிள்ளை கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் அதற்கு என்ன பெயர்? பிடிவாதம். அப்படித்தான் அந்த வீட்டில் ஆயிற்று. முதலில் செல்லம் என்றார்கள், பிறகு திமிர் என்றார்கள், பள்ளிக்கூடத்தில் மந்தம் என்றார்கள். எல்.கே.ஜி.யில் இரண்டு வருஷம் உட்கார வைத்துவிட்டு, இதற்கு மேல் எங்களால் ஆகாது என்று அனுப்பிவிட்டார்கள். ஜெபக்கூட்டத்தில் தலையில் எண்ணெய் பூசி, ஊமை ஆவியைக் கடிந்துகொண்டார்கள். கத்திக் கத்திப் போதகருக்குத் தொண்டை கட்டியது. சாராள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

1986இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனைக்குக் கோவிலுக்குக் கிளம்பும் நேரம். சாராள் துவைகல்லுக்குப் பக்கத்தில் குந்தி எறும்புக்குச் சர்க்கரை போட்டுக்கொண்டிருந்தாள். சத்தியராஜ் பின்னால் நின்று நாலு தரம் கூப்பிட்டான். ஐந்தாவது தரம் கூப்பிடவில்லை, முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். பிள்ளை கல்லில் விழுந்து புருவம் பிளந்தது. இரண்டு தையல். டிஸ்பென்சரியில் அவனே பிள்ளையின் தலையைப் பிடித்துக்கொண்டான். வீட்டுக்கு வந்த பிறகு, ஒருவேளை காதில் கோளாறு இருக்குமோ, இன்னொரு தரம் பார்த்தால் என்ன என்று ஜெயகுமாரி மெல்லக் கேட்டாள். இரண்டு வருஷத்தில் அவள் கேட்டது அந்த ஒரே தரம்தான். அவன் ஃபைலை எடுத்து அந்தத் தாளை அவள் முன்னால் வைத்தான்.

"இங்க்லீஷ்ல எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கு. கேக்கு. அவ வேணும்னே பண்ணுதா."

அவள் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அடுப்பில் பால் பொங்குகிறது என்று உள்ளே போய்விட்டாள்.

உண்மை வெளியே வந்தது 1988 ஜனவரியில். டிஸ்பென்சரிக்குப் புதிதாக வந்த பெண் டாக்டர், காய்ச்சலுக்கு மருந்து வாங்க வந்த சாராளின் முதுகுக்குப் பின்னால் சும்மா ஒரு முறை கையைத் தட்டினார். மறுபடி தட்டினார். பட்டணத்தில் ஒரு பெரிய மருத்துவமனைக்குச் சீட்டு எழுதினார். அங்கே மணியும் இல்லை, கிண்ணமும் இல்லை. பிள்ளைக்குத் தூக்க மருந்து கொடுத்து, தலையில் ஒயர்களை ஒட்டி, சத்தத்துக்கு மூளை பதில் சொல்கிறதா என்று மெஷினே பார்த்துக்கொண்டது. தாயை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். முக்கால் மணி நேரம் கழித்து டாக்டர் கூப்பிட்டுச் சொன்னார்: இரண்டு காதும் கிட்டத்தட்டக் கேட்கவே இல்லை, பிறவியிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்க வேண்டும், காதுக்கு மெஷின் மாட்டலாம், ஆனால் பேச்சு பிடிக்கிற வயது பெரும்பாலும் போய்விட்டது, மூன்று வயதில் கொண்டுவந்திருந்தால் கதையே வேறு.

"மூணு வயசுல காமிச்சோம் சார்" என்று சத்தியராஜ் பையிலிருந்து ஃபைலை எடுத்தான்.

டாக்டர் அந்தத் தாளை இரண்டு தரம் படித்தார். இதை எடுத்தது யார் என்று கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்துதான் எல்லாம் புறப்பட்டது.

ரயிலில் வரும்போது சத்தியராஜ் பிள்ளையின் புருவத்தில் இருந்த தழும்பைப் பெருவிரலால் தடவிக்கொண்டே வந்தான். வில்லிவாக்கம் தாண்டும்வரை அழுதான். அம்பத்தூர் வந்தபோது நிறுத்திவிட்டான். வீட்டுக்குள் நுழைந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கார்பன் தாளை எடுத்தான்.

முதல் புகார் பிப்ரவரி மூன்றாம் தேதி. பெறுநர் மருத்துவமனைச் செயலர். நகல் தொழிற்சாலை நல அதிகாரிக்கு, யூனியனுக்கு, எம்.எல்.ஏ.வுக்கு. பதில் வராததால் பிப்ரவரி இருபத்தைந்தில் நினைவூட்டல். மார்ச்சில் அவனோடு ஷாப்பில் வேலை செய்கிற நாற்பத்தேழு பேர் கையெழுத்துப் போட்டார்கள். எங்கள் பிள்ளைகளையும் அந்தப் பெண்ணிடம்தான் காட்டுகிறோம் என்று அதில் ஒரு வரி. தொழிற்சாலைப் பட்டியலிலிருந்து மருத்துவமனையை எடுத்துவிடுவோம் என்று நல அதிகாரி மனோகரன் எழுதிய பிறகுதான் செயலர் கஜபதி அசைந்தார். ஜூன் பதினெட்டு, சனிக்கிழமை விசாரணை. பெற்றோர் இருவரும் வர வேண்டும்.

இதற்கிடையில் சாராளுக்கு மெஷின் வந்தது. மார்பில் தொங்குகிற சின்னப் பெட்டி, அதிலிருந்து இரண்டு காதுக்கும் ஒயர், காதுக்குள் அச்செடுத்துச் செய்த குமிழ். முதல் நாள் அதைப் போட்டதும் பிள்ளை பயந்து கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். வியாழக்கிழமை தோறும் பட்டணத்துக்குப் போய் 'ப', 'ம' என்று உதட்டைப் பார்த்துச் சொல்லிப் பழக வேண்டும். கண்ணாடி முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து காற்றை ஊதிவிட்டு வருவாள்.

விசாரணைக்கு நாலு நாள் முந்தி, முட்டை கொடுக்க வந்த பஞ்சவர்ணம் படியில் உட்கார்ந்துகொண்டாள். கூடையை இறக்கி வைத்தவள் எடுத்துக்கொண்டு கிளம்பவில்லை.

"யக்கா, அந்தப் பொண்ணு தலைலயே எல்லாத்தையும் கட்டிடப் போறாங்கோ. மெஷினு ரிப்பேர்னு அது மூணு தபா எய்திக் குட்த்துது, செகரெட்ரி கண்டுக்கல. இப்ப இன்னான்னா, மெஷினு நல்லா கீது, அந்தப் பொண்ணுக்குத்தான் வேலை தெர்லன்னு சொல்லிகினு கீறாங்கோ."

ஜெயகுமாரி முட்டைகளை ஒவ்வொன்றாகக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் மிதக்கவில்லை.

"கொயந்தைய மடில வச்சிகினா அம்மாக்காரி கை சும்மா இருக்காது யக்கா" என்றாள் பஞ்சவர்ணம், குரலைத் தணித்து. "நா எத்தினியோ பாத்துக்கீறேன். அத்தொட்டுதான் இப்பல்லாம் அந்தப் பொண்ணு அம்மாங்கள வெளிய குந்தச் சொல்லிடுது. அப்ப புச்சு. தெர்ல."

அவள் குற்றமாகச் சொன்னாளா, பொதுவாகச் சொன்னாளா என்பது அவள் முகத்திலிருந்து தெரியவில்லை. கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் சத்தியராஜ் விசாரணையில் கொடுக்க வேண்டிய வாக்குமூலத்தை எழுதிக்கொண்டிருந்தான். ஜெயகுமாரி டீயை மேசையில் வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். அவன் நிமிர்ந்து பார்க்கும்வரை நின்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். எந்தச் சத்தத்துக்கு விரல் அசைந்தது, எத்தனை சத்தத்துக்கு அசைந்தது, ஆறு மாதத்தில் வரச் சொன்னது, போகாதது, சாலமோனுக்குக் காய்ச்சலே வராதது. சொல்லிக்கொண்டு போகும்போது அவள் குரல் உடையவில்லை, அதுதான் அவளுக்கே ஆச்சரியம். நாலு வருஷமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தது போல வரிசையாக வந்தது.

சத்தியராஜ் பேனாவை மூடினான். அடிப்பான் என்று அவள் நினைத்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் எழுந்து போய், வாசலில் சாக்குக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்த சாராளைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்தான். காது கேட்காத பிள்ளைக்காகக் கதவைச் சாத்தியது அவன் கவனத்தில் படவில்லை.

"யாருட்டயும் சொல்லியிருக்கியா?"

"இல்ல."

"சொல்லாண்டாம்."

அவள் அவனையே பார்த்தாள். அவன் மெதுவாக, கணக்கு விளக்குவது போலப் பேசினான். நாற்பத்தேழு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நல அதிகாரி அவனை நம்பி எழுதியிருக்கிறார். அம்மாவுக்குத் தெரிந்தால் ஊரில் அவள் அப்பா தலைகாட்ட முடியாது. இத்தனையையும் சொல்லிவிட்டு, கடைசியில்தான் உண்மையான காரணத்தைச் சொன்னான். அப்போது குரல் மாறிவிட்டது.

"அந்தத் தாளை நம்பித்தான குமாரி நான் பிள்ளைய அடிச்சேன். அம்புட்டு அடியும் யார் தலைல எழுத? அந்தப் பொண்ணு தலைல எழுதிட்டேன். எழுதின பொறவுதான் நாலு மாசமா தூங்குதேன். இப்ப அதை அழிச்சுட்டு என் தலைல எழுதச் சொல்லுதியா, உன் தலைல எழுதச் சொல்லுதியா?"

அவன் மறுபடி பேனாவைத் திறந்தான்.

"பிள்ளை எங்க இருந்துச்சுன்னு கேப்பாங்க. தனியா நாற்காலில இருந்துச்சுன்னு சொல்லு. நீ தள்ளி நின்ன. அம்புட்டுதான்."

விசாரணை செயலரின் அறையில் நடந்தது. மேசைக்குப் பின்னால் கஜபதி, மனோகரன், அந்த மருத்துவமனையின் காது–மூக்கு–தொண்டை டாக்டர். எல்லோருக்கும் டீ வந்தது. வசந்தாவுக்கு முன்னால் வைத்த டீ ஆறி ஏடு படிந்துவிட்டது. சத்தியராஜ் வாக்குமூலத்தைப் படித்தான். தேதி, மணி, நகல், இணைப்பு ஒன்று, இணைப்பு இரண்டு. மனோகரன் மெச்சுவது போலத் தலையாட்டினார். பட்டணத்து டாக்டரின் தாளைப் படித்தபோது யாரும் யாரையும் பார்க்கவில்லை.

பிறகு வசந்தாவைக் கேட்டார்கள். பரிசோதனையைத் தான்தான் செய்ததாகவும், அன்றைக்கு மறுபடி வரச் சொன்னதாகவும், அதைத் தாளில் எழுதாதது தவறு என்றும் சொன்னாள். பிள்ளைக்கு எப்படி எல்லாச் சத்தமும் கேட்டது என்று டாக்டர் கேட்டார். பிள்ளை தாயின் மடியில் இருந்தது, ஸ்பீக்கர் சத்தம் தாய்க்கும் கேட்கும், தெரிந்தோ தெரியாமலோ தாய் தொட்டிருக்கலாம், அப்படி நடப்பது உண்டு, நான் அதைக் கவனித்திருக்க வேண்டும் என்றாள். ஜெயகுமாரியின் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

கஜபதி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தாயின் மேல் பழியைப் போடுவதா என்று மனோகரன் கோபப்பட்டார். டாக்டர்தான் கையை அமர்த்திவிட்டு ஜெயகுமாரியிடம் கேட்டார்.

"நீங்க சொல்லுங்கம்மா. டெஸ்ட் நடக்கறப்ப குழந்தை எங்க இருந்தது?"

வசந்தா இப்போது திரும்பிப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை இல்லை. பரிசோதனை அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்த அதே பார்வை, பதிலுக்காகக் காத்திருக்கிற பார்வை. ஜெயகுமாரியின் முழங்காலை ஒட்டி சாராள் நின்றுகொண்டிருந்தாள். பெட்டியின் ஒயரைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள்.

"தனியா நாற்காலில இருந்தா" என்றாள் ஜெயகுமாரி. "நான் தள்ளி நின்னேன்."

டாக்டர் அதை எழுதிக்கொண்டார். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று வசந்தாவைக் கேட்டார்கள். இல்லை என்றாள்.

சத்தியராஜ் கையெழுத்துப் போடவும் நகல் வாங்கவும் உள்ளேயே இருந்தான். ஜெயகுமாரி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் நின்றாள். கால் மணி நேரத்தில் வசந்தா வந்தாள். தோளில் ஒரு பை, கையில் டிபன் டப்பா. திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்பதை அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கடந்து போய்விடுவாள் என்றுதான் ஜெயகுமாரி எதிர்பார்த்தாள். வசந்தா நேராக வந்து பிள்ளையின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். காதுக் குமிழைத் திருகிப் பார்த்தாள், ஒயரை உதறினாள், பெட்டியைக் கவுனுக்கு வெளியே எடுத்து விட்டாள்.

"பெட்டியைத் துணிக்குள்ள வச்சா துணி உரசற சத்தம்தான் அவளுக்குக் கேக்கும். வெளிய இருக்கணும். காது வளர வளரக் குமிழ் லூஸ் ஆகும். ஆறு மாசத்துக்கு ஒரு தரம் புதுசா அச்செடுக்கணும், இல்லேன்னா கீச்சுனு கத்தும். கத்துதுன்னு சத்தத்தைக் குறைச்சு வச்சுடாதீங்க. நிறைய பேர் அப்படித்தான் பண்றாங்க. பேசறப்ப ஒரு முழத் தூரத்துல உக்காந்து பேசுங்க."

ஒவ்வொன்றையும் பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள். ஜெயகுமாரிக்கு ஒன்றும் மனதில் ஏறவில்லை. திட்டு விழும் என்று காத்திருந்தவளுக்கு அது விழாதது தாங்க முடியவில்லை.

"என்னை மன்னிச்சுடுங்க" என்றாள்.

வசந்தா எழுந்து நின்றாள். டிபன் டப்பாவைப் பைக்குள் வைத்தாள்.

"விரலைப் பாக்காதது என் தப்புங்க. அன்னிக்கு உங்களை வெளிய உக்கார வச்சிருக்கணும், வைக்கல. அதுக்கு வேலை போனா போகட்டும், நாலு வருஷம் போயிருக்கே அந்தக் குழந்தைக்கு. ஆனா அந்த நாற்காலி..." அவள் சிரிக்க முயன்ற மாதிரி இருந்தது, வரவில்லை. "அந்த ரூம்ல இருந்ததே ஒரு நாற்காலிதான். தள்ளி நிக்க இடமே கிடையாது. நாலு எட்டு நடந்தா ரூம். விசாரிச்ச மூணு பேர்ல ஒருத்தரும் போய்ப் பாக்கல."

சாலையைக் கடந்து போனாள். அவள் வீடு மேனாம்பேட்டில். பஸ்ஸுக்கு நிற்கவில்லை, நடந்தே போனாள்.

சத்தியராஜ் நகலோடு வெளியே வந்தான். மருத்துவமனை வருத்தம் தெரிவித்து எழுத்தில் கொடுக்கப் போகிறது, ஒரு வருஷத்துக்குப் பாட்டரி இலவசம் என்றான். பிள்ளைக்குக் கடையில் ஜிலேபி வாங்கினான். ஜெயகுமாரிக்கும் ஒன்றை நீட்டினான். அவள் வாங்கித் தின்றாள்.

அந்த வருஷம் செப்டம்பரில் சாராளின் காதுக் குமிழ் லூஸாகிக் கத்தத் தொடங்கியது. பட்டணத்தில் அச்செடுக்க இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். சத்தியராஜ் ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நமக்கு அங்கே உரிமை இருக்கிறது, அம்பத்தூருக்கே போ என்று அனுப்பினான். ஜெயகுமாரி போனாள். மாடிப்படிக்கு அடியில் இருந்த கதவில் பூட்டுத் தொங்கியது. பூட்டின் மேல் தூசி. ஆள் போட விளம்பரம் கொடுத்திருக்கிறார்கள், மூன்று மாதமாக யாரும் வரவில்லை என்று கம்பவுண்டர் சொன்னார். பஞ்சவர்ணம் கண்ணில் பட்டாள். படாதது போலப் போய்விட்டாள். ஜூன் மாதத்துக்குப் பிறகு அவள் குவார்ட்டர்ஸ் பக்கம் மற்ற வீடுகளுக்குத்தான் முட்டை கொடுக்கிறாள்.

பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். திருநின்றவூரிலிருந்து வந்திருந்தாள். தரையில் இரண்டரை வயதுப் பையன் ஒருவன் செருப்பை வைத்து பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். வாயில் சத்தம் இல்லாமல் ஓட்டினான். காலை ஏழு மணிக்குக் கிளம்பியதாகவும், ஆறு மாதம் கழித்துக் கூட்டி வா என்று மார்ச்சில் இங்கே இருந்த வசந்தாம்மா சொன்னதாகவும், அதனால் மறக்காமல் வந்துவிட்டதாகவும் அந்தப் பெண் தானாகவே சொன்னாள்.

"காது டெஸ்ட் எடுக்கற அந்தம்மா எப்பக்கா வருவாங்க? உங்களுக்குத் தெரியுமா?"

"வருவாங்க" என்றாள் ஜெயகுமாரி. "உக்காருங்க, வந்துருவாங்க."

சாராளின் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக வெளியே நடந்தாள். பிள்ளையின் காதில் குமிழ் கீச்சென்று கத்திக்கொண்டே வந்தது. தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.